சொல்யூஷன் வாசனை... அப்பா சட்டையிலா, பிள்ளை சட்டையிலா?

சிகரெட் பிடித்தால் வாய் நாறும். குடித்தால் நடை காட்டிக் கொடுக்கும். கஞ்சா என்றால் கண் சிவந்திருக்கும் என்பது இப்போது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஆனால், நம்ம வேலூர்ப் பக்கத்தில் ஒரு போதை இருக்கிறது. அதன் வாசனை வீடு முழுக்க அடித்தாலும் யாருக்கும் சந்தேகமே வராது!

ஏன் வராது? அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற வேலை. சாயந்திரம் அவர் வாசல்படி ஏறும்போதே சொல்யூஷன் வாசனையும் கூடவே வரும். அண்ணனுக்குச் செருப்புப் பட்டறை. அவன் சட்டையிலும் அதே வாசனை. ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கிற ஊர்களில் அது சம்பளத்தின் வாசனை. அதனால், எட்டாவது படிக்கிற சின்னவன் சட்டையிலும் அது அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? 'பட்டறைப் பக்கம் போய் உட்கார்ந்துட்டு வந்திருப்பான்' என்று சட்டையைத் துவைக்கப் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால், எப்படிக் கேட்பது என்பதில்தான் பிள்ளையின் உயிரே இருக்கிறது!

பிள்ளைகள் முந்திக்கொண்ட போதை

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. முடிவுகள் 2019-ல் வெளியாயின. சாராயமோ கஞ்சாவோ, எதை எடுத்தாலும் பெரியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் 10 முதல் 17 வயசுப் பிள்ளைகள் பெரியவர்களை முந்தியிருந்தார்கள். அதுதான் மூக்கால் இழுக்கிற போதை. சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர், பெட்ரோல் எல்லாம் இந்த வகைதான். இதற்கு உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று அந்தக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். விலை மலிவு. சைக்கிள் கடை பஞ்சர் டியூபில்கூடக் கிடைக்கும். கஞ்சாவைப் பிடிக்க 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. சொல்யூஷன் அந்தப் பட்டியலில் இல்லை. ஒயிட்னர் பாட்டிலை மத்திய அரசு 2012-ல் தடை செய்தது. சொல்யூஷனை அப்படி ஒரேயடியாகத் தடை செய்தால் நம்ம ஊரில் பாதி அடுப்பு எரியாது! ஆகவே, போலீஸ் வந்து பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. வீடு, பட்டறை, பள்ளிக்கூடம் இந்த மூன்றும்தான் காவல்.

உள்ளே போனால் என்ன ஆகிறது?

சொல்யூஷனில் டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். மூடியைத் திறந்ததும் ஆவியாகிறதே, அதுதான் இவை. மூச்சில் இழுத்தால் நுரையீரல், ரத்தம், மூளை என்று நொடிக்கணக்கில் போய்ச் சேரும். இவை கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. நம் மூளையிலோ கொழுப்பு அதிகம்! கொஞ்ச நேரம் மிதப்பு, கிறுகிறுப்பு, அசட்டு தைரியம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் இறங்கிவிடும். இறங்கியதும் மறுபடி கை துணியைத் தேடும்.

மாசக்கணக்கில் இது தொடர்ந்தால் ஞாபகம் மங்கும், நடை தள்ளாடும், கை நடுங்கும். சிறுநீரகம் வழியாகப் பொட்டாசியம் வெளியேறி, திடீரென்று கால் எழும்பாமல் போய்விடுவதும் உண்டு. ஹெக்சேன் நரம்பையே அரிக்கும். 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்து பலமிழந்து போனபோது, காரணம் பசையில் இருந்த ஹெக்சேன்தான் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் போதைக்காக இழுத்தவர்கள் இல்லை. ஜன்னல் இல்லாத இடத்தில் வேலை பார்த்தவர்கள். அதனால் பட்டறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று நான் சொல்வது அப்பாவுக்காகவும்தான்!

பாலாறு கெட்டுப்போனது ஊருக்கே தெரியும். தோல் கழிவுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே கொடுத்தது. தண்ணீரில் கலந்த விஷத்தைப் பற்றி இத்தனை பேசிய நாம், மூச்சில் கலக்கிற விஷத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சேட்டை முதலா, சொல்யூஷன் முதலா?

"சின்ன வயசுலேருந்தே இவன் அடங்கமாட்டான் டாக்டர். இப்ப இந்தக் கருமமும் சேர்ந்துக்கிச்சு!"

பெற்றவர்கள் அலுத்துக்கொண்டு சொல்லும் இந்த வார்த்தையில் பாதி வைத்தியம் இருக்கிறது. மருத்துவர் கவனிக்க வேண்டியது அந்த 'சின்ன வயசுலேருந்தே' என்பதைத்தான்.

சில பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பாதிப் பாடத்தில் கவனம் ஓடிவிடும். யோசிப்பதற்கு முன்னால் கை நீண்டுவிடும். இது கொழுப்பு அல்ல. கவனக்குறைவு, மிகைச் சுறுசுறுப்பு என்கிற மூளை வளர்ச்சிக் கோளாறு. கவனிக்காமல் விட்டால், இந்தப் பிள்ளைகள் போதைப் பக்கம் சாய்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வகுப்பில் தினமும் திட்டு வாங்குகிறவனுக்கு, 'நீ கெத்துடா' என்று சொல்கிற கூட்டம் பட்டறைச் சந்தில்தானே கிடைக்கிறது?

இன்னும் சிலர் மாசக்கணக்கில் பொய், திருட்டு, அடிதடி, வீட்டை விட்டு ஓடுவது என்று இருப்பார்கள். இது நடத்தைக் கோளாறு. வேறு சிலரிடம் மனச்சோர்வு அழுகையாக வராது, எரிச்சலாக வரும். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிற வீட்டில் இதெல்லாம் இரட்டிப்பாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒழுங்காக இருந்த பையன் சொல்யூஷனுக்குப் பிறகுதான் முரடாகிறான் என்றால், முதல் குற்றவாளி சொல்யூஷன். எது முதல் என்று பிரித்துப் பார்த்து இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்தால்தான் பிள்ளை தேறுவான். போதையை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் கோளாறை அப்படியே விட்டால் அவன் திரும்பவும் அங்கேதான் போய் நிற்பான். "கவனக்குறைவுக்கு மாத்திரை கொடுத்தா அதுக்கே அடிமை ஆயிடுவானோ?" என்று பயப்படுகிறீர்களா? மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து பிற்காலத்தில் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்லவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

* வாயைச் சுற்றி, மூக்கைச் சுற்றிச் சொறி, புண்.
* பையில் கசங்கிய துணி, பிளாஸ்டிக் கவர், காலி டியூப்.
* காலையில் தலைவலி, சாப்பாட்டில் வெறுப்பு, பேச்சில் குழறல்.
* பட்டறைக்கே போகாத நாளிலும் சட்டையில் அந்த வாசனை.

'யூரின் டெஸ்ட் எடுத்தோம், ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சாதாரணப் போதைப் பரிசோதனையில் இந்தக் கரைப்பான்கள் தெரியாது.

துரத்தாதீர்கள்!

இதை மட்டும் தயவுசெய்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கும்போது கையும் களவுமாகப் பார்த்துவிட்டீர்களா? கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள். இது தர்ம உபதேசம் அல்ல, இதய விஷயம். கரைப்பான் ஏறிய இதயம், பயத்தில் சுரக்கும் அட்ரினலினைத் தாங்காது. துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். 1970-ல் அமெரிக்காவில் மில்லர்ட் பாஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 110 இளம் மரணங்களைப் பற்றி எழுதினார். முதல் தடவை இழுக்கிறவனுக்குக்கூட இது நேரலாம்.

அமைதியாகக் கிட்டே போய், துணியையும் டின்னையும் தள்ளி வையுங்கள். காற்று வருகிற இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விசாரணை எல்லாம் மறுநாள்! அப்போதும், "எங்கடா வாங்கினே?" என்று ஆரம்பிக்காமல், "எப்பலேருந்துப்பா மனசு சரியில்லே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.

டி.சி. மருந்தல்ல

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பையன் மாட்டினால் உடனே டி.சி.யை எழுதிக் கையில் கொடுத்துவிடுவது சுலபம். 'ஒரு அழுகின பழம் மொத்தத்தையும் கெடுத்துடும்' என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், அந்தப் பையன் மறுநாள் எங்கே போவான்? நேரே பட்டறைக்கு! எந்த டின்னிலிருந்து அவனைப் பிரிக்க வேண்டுமோ, அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். வகுப்பில் வைத்துக்கொண்டே வைத்தியத்துக்கு அனுப்புவதுதான் வாத்தியார் வேலை.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2016 சட்டத் திருத்தத்தின்படி 14 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வரை ஆபத்தான வேலையில் வைப்பதும் குற்றம். அதோடு, சாயந்திரம் கடையைச் சாத்தும்போது கல்லாவைப் பூட்டுகிற மாதிரி சொல்யூஷன் டின்னையும் எண்ணிப் பூட்டுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர்களே, பள்ளிப் பையன் தனியாக வந்து கேட்டால், 'அப்பாவை அனுப்பு' என்று சொல்லிவிடுங்கள். நாலு ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும்!

எங்கே போவது?

இந்த விஷயத்தில் நம்ம ஊர் கொடுத்து வைத்த ஊர். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல், குடும்பத்தாரையும் கூடவே தங்க வைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்வது அங்கே ஆரம்பத்திலிருந்து வந்த வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளியே போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற 'டெலிமனஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம். போதை மீட்புக்கு 14446. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

சொல்யூஷனை மறக்கடிக்க ஒரு தனி மாத்திரை கிடையாது. பேச்சு, பெற்றோருக்கான பயிற்சி, கூட இருக்கும் மனக் கோளாறுக்குச் சிகிச்சை, நாள் முழுக்கப் பிள்ளைக்கு ஒரு ஒழுங்கு. இவைதான் மருந்து. சீக்கிரம் நிறுத்தினால் கெட்டதில் நிறையவே திரும்பும். தள்ளிப்போட்டால் அந்த அளவுக்குத் திரும்பாது.

"வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்... தங்கச்சிக்கு யார் பொண்ணு கேட்டு வருவாங்க?" என்பீர்கள். காமாலை வந்தால் ஊரெல்லாம் விசாரித்து வைத்தியரைத் தேடுகிறோம். மூளைக்கு வந்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்?

அம்மாக்களே, நாளைக்குத் துணியை ஊற வைப்பதற்கு முன்னால் பிள்ளையின் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். அந்த வாசனை வந்தால் கோபப்படாமல் பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் கேளுங்கள்!