தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

போன ஜூலையில் முதலாமாண்டு வகுப்பில் அகத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் குடிக்கக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். காலையில் சாப்பிடவில்லை. ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான். தண்ணீராவது குடித்திருக்கலாமே என்றேன்.

"பழக்கமில்ல மேடம். ஸ்கூல் படிக்கறப்பவே குடிக்க மாட்டோம். குடிச்சா போகணும்ல."

'மாட்டேன்' என்று அவள் சொல்லவில்லை, 'மாட்டோம்' என்றாள். அந்தப் பன்மை எனக்குப் புதிதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் நானும் அந்தப் பன்மைக்குள் இருந்தவள். எங்களுக்குக் கழிப்பறை கிடையாது, பள்ளிக்குப் பின்னாலிருந்த சீமைக்கருவேலம் புதர்தான். இவள் படித்த பள்ளியில் கழிப்பறை இருக்கிறது. அதில் தண்ணீர் வராது, கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது ஆண்டில் புதர் கட்டடமாகியிருக்கிறது. பிள்ளைகளின் தாகம் அப்படியே இருக்கிறது.

அதே மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நகர்ப்புற, கிராமப்புற மாணவர்களின் உடல்நல வேறுபாடுகள் என்பது தலைப்பு. பேசியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லில் வந்து நின்றார்கள்: விழிப்புணர்வின்மை. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவு பற்றித் தெரியவில்லை, சுத்தம் பற்றித் தெரியவில்லை, ஆகவே முகாம் நடத்த வேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று என் மாணவிக்குத் தெரியாதா? அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும் என்பது அவளுக்குப் பாடமாக அல்ல, எரிச்சலாகவே தெரியும். தாழ்ப்பாள் போட வக்கில்லாதவர்கள் அவளுக்கு விழிப்புணர்வு ஊட்ட வருகிறார்கள்.

என் இரண்டாவது கோபம் 'மாணவர்' என்ற சொல்மேல். தமிழ் படித்தவள் என்பதால் சொல்கிறேன், இருபாலுக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் இந்தச் சொல் பெண்ணை உள்ளே அழைத்துச் சென்று ஒளித்துவிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019–21) எடுத்துப் பாருங்கள். இந்திய அளவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் நகரத்தில் 56.5 விழுக்காடு, கிராமத்தில் 60.2 விழுக்காடு. இடைவெளி நான்கு புள்ளிகூட இல்லை. அதே வயது ஆண்களில் நகரத்தில் 25, கிராமத்தில் 33.9. அதாவது, நகரத்துப் பெண்ணுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் உள்ள தூரத்தைவிட, ஒரே கிராமத்துப் பெண்ணுக்கும் பையனுக்கும் உள்ள தூரம் ஏழு மடங்கு அதிகம். இத்தனைக்கும் ஆணுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் கீழே போனாலே சோகை. பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் சோகை. அளவுகோல் நமக்குத் தாழ்த்தி வைக்கப்பட்டும் நாம் அதை எட்டவில்லை.

மாதவிடாயில் இரத்தம் போகிறது, அது இயற்கை என்பார்கள். போவது இயற்கைதான். போனதை ஈடுசெய்யும் சோறு ஏன் வரவில்லை? பெண் குறைவாக உண்பதே அழகு என்று கொன்றை வேந்தனை மனப்பாடம் செய்யவைத்த சமூகம் இது. குழம்பில் கிடக்கும் மீன்துண்டு அண்ணனுக்கும் அப்பாவுக்கும் போன பிறகு, சட்டியை வழித்துப் பிசைந்து உண்பவள் அம்மா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பழகுபவள் மகள். இந்த அடுக்களைக்கு நகரம், கிராமம் என்ற பேதமில்லை.

அப்படியானால் கிராமம் ஒன்றும் கூட்டவில்லையா? கூட்டுகிறது, நிறையவே. அதே ஆய்வில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாயின்போது சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவோர் நகரத்தில் நூற்றுக்கு 89 பேர், கிராமத்தில் 72 பேர். 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் நகரத்தில் 14.7 விழுக்காடு, கிராமத்தில் 27. வீடு முதலில் அவளைப் பெண்ணென்று குறைக்கிறது. பிறகு ஊர், பேருந்து இல்லை, கடை இல்லை, பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இல்லை என்று மேலும் குறைக்கிறது. தலித் பிள்ளையாக இருந்தால் தெருவும் சேர்ந்து குறைக்கும்.

நகரம் என்றதும் தனியார் பள்ளியையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் நினைக்க வேண்டாம். சென்னையின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் நகர்ப்புற மாணவர் என்ற கணக்கில்தான் வருகிறார்கள். அவர்களையும் வசதியானவர்களையும் கூட்டி வகுத்துவரும் சராசரியில் யாருடைய முகமும் தெரியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இலவச சைக்கிள் என் ஊர்ப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. புதுயுகம் திட்டம் நாப்கினை ஊருக்குள் கொண்டுவந்தது. வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் நாப்கினை மாற்றத் தண்ணீரும் மறைவும் வேண்டும், எறிய ஓரிடம் வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. உடம்பு வளர்ந்து, மாதாமாதம் இரத்தம் இழந்து, பஸ்ஸுக்கு ஓடி, பொதுத்தேர்வுக்குக் கண்விழிக்கும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தட்டில் ஒன்றுமில்லை. சத்து தேவைப்படும் வயதில் சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை நீட்டுவதற்குப் பெயர் மருத்துவமா?

ஆகவே நமக்கு வேண்டியது முகாம் அல்ல. பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளியில் காலையும் மதியமும் சோறு. கழிப்பறைக்குத் தண்ணீர், தாழ்ப்பாள், சம்பளம் வாங்கும் துப்புரவுப் பணியாளர். பள்ளி நேரத்துக்கு வரும் பேருந்து. மாணவர் என்று எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்த கணக்கு. இவையெல்லாம் கேட்டுப் பெறவேண்டியவை. கேட்காமலே இன்றிரவு செய்யக்கூடியது ஒன்றுண்டு. இதை வாசிக்கும் நீ உன் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு. மீன்துண்டை எடுத்துப் போட்டுக்கொள். அம்மாவின் தட்டிலும் ஒன்றை வை. முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அந்த மாணவி இப்போது இரண்டாமாண்டு. எங்கள் துறைக்குப் பக்கத்திலிருக்கும் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லி நாங்கள் மூன்று கடிதம் எழுதினோம், நான்காவதை மாணவிகளே எழுதினார்கள். முதல் கையெழுத்து அவளுடையது. போன வாரம் தாழ்ப்பாள் வந்தது. வகுப்பில் அவள் மேசைமேல் இப்போது ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. நான் பாடம் நடத்தும்போது அவள் நடுவில் எடுத்துக் குடிக்கிறாள். நான் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்கிறேன்.