வார்ப்பிரும்பு என்ன பாவம் செய்தது?

கையால் செதுக்கினால் கலை, அச்சில் வார்த்தால் வெறும் சரக்கு என்று தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. அவர்களில் பெரியவர் இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின். அவர் எழுத்தில் எனக்கு மோகம் உண்டு. ஆனாலும், 1849-ல் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய நூலில், ஒரு ஜனசமூகத்தின் அழகுணர்ச்சியைக் கெடுப்பதில் வார்ப்பிரும்பு அலங்காரத்துக்கு இணையில்லை என்று சாபமிட்டாரே, அதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தச் சாபத்துக்கு ஒன்பது வருஷம் கழித்து, 1858-ல், கோல்புரூக்டேல் வார்ப்படசாலை ஒரு தோட்டத்து ஆசனத்தின் உருவமைப்பைப் பதிவு செய்தது. சாய்மானம் முழுவதும் பெரணி இலைகள். ஊடே பிளாக்பெரிக் கொடி. இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சுகாசனம் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்தில் பெரணியின் நரம்பெல்லாம் என் முதுகில் பதிந்துவிட்டன! அந்தக் குறையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதில் மனிதனின் கை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூல உருவை ஒருவன் இலை இலையாகச் செதுக்கவேண்டும். இன்னொருவன் அதை ஈரமண்ணில் பதித்து, மண் உதிராமல் எடுத்து, அந்தக் குழிவில் உருகிய இரும்பை ஊற்றவேண்டும். காம்பளவு மண் சரிந்தாலும் வார்ப்பு பாழ். இரும்பு ஆறியதும் மண் அச்சை உடைத்தாகவேண்டும். அடுத்த ஆசனத்துக்கு மறுபடி புதிய அச்சு. இந்த வேலையை மட்டமாக நினைக்காமல்தான், தாவர நூலில் டாக்டர் பட்டம் பெற்ற கிறிஸ்டோபர் டிரஸ்ஸர் அதே வார்ப்படசாலைக்கு உருவமைப்புகள் வரைந்து கொடுத்தார்.

அச்சு என்றால் இளப்பமா? என் நாவல்கள் அச்சில்தான் வருகின்றன. ரஸ்கினின் சாபமே ஈயத்தில் வார்த்த எழுத்துக்களால்தானே ஊரெங்கும் பரவிற்று!

சாபமிடத்தான் வேண்டுமென்றால் அதற்குத் தகுந்த ஆட்கள் வேறே இருக்கிறார்கள். பழைய ஆசனத்தையே மூல உருவாக வைத்துப் புதிதாக வார்த்து, 'விக்டோரியா காலத்தது' என்று தலையில் கட்டுகிறார்களே, அவர்கள். இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே நகல் அசலைவிடச் சற்றுச் சிறிது. இலை நரம்பும் மழுங்கியிருக்கும். அலுமினியத்தில் வார்த்ததென்றால் ஒரே ஆள் தூக்கிவிடலாம். 1842 முதல் 1883 வரை பதிவான உருவமைப்புகளுக்கு வைர வடிவ முத்திரை ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள், எழுத்துக் கலங்கிப்போய்.