முன்சக்கர பிரேக் பேடு: வீட்டில் மாற்றக் கூடாதா?

‘பிரேக் உயிர் சமாச்சாரம். அதில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.’ கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. இதன் முதல் பாதி முழு உண்மை. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. ஆனால், உயிர் சமாச்சாரம் என்பதாலேயே சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது பொருந்தாத முடிவு. அதற்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்கள். எதுவும் சோதனையில் தேறவில்லை.

முதல் காரணம்: ‘பிரேக்கைப் பிரித்தால் லைனில் ஏர் புகுந்துவிடும்.’ பேடு மாற்றுவதற்கு பிரேக் லைனைத் திறக்கவே வேண்டாம். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களில் நகர்கிறது. கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கினால் பழைய பேடுகள் கையோடு வந்துவிடும். முழுதாகக் கழற்ற நேர்ந்தால், ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டி வைக்க வேண்டும். பிறகு சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுகிறோம். அப்போது பிரேக் ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்புகிறது. இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அது வழியும். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஹோஸ் இணைப்பையோ பிளீடர் திருகையோ தளர்த்தாத வரை காற்று உள்ளே போக வழியில்லை.

அடுத்தது, ‘அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும்’ என்பது. ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பானர், ரிங் ஸ்பானர், சி-கிளாம்ப், கம்பி பிரஷ், சிலிக்கோன் கிரீஸ், டார்க் ரெஞ்ச் ஆகியவை போதும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களுக்கு ஸ்கேனர் வேண்டும் என்பது பொதுவாகப் பின்சக்கரத்துக்குத்தான். சில ஹைபிரிட் கார்களில் பிரேக் பம்ப் தானாகவே அழுத்தம் ஏற்றும். அவற்றை வீட்டில் தொடாமலிருப்பது நியாயம். அந்த விலக்கை எல்லாக் கார்களுக்கும் விதியாக்குவது நியாயமில்லை.

மூன்றாவது காரணம்தான் அதிகம் எடுபடுகிறது: ‘ஒர்க்‌ஷாப்பில் செய்தால்தான் ஒழுங்காக இருக்கும்.’ நல்ல மெக்கானிக் நன்றாகத்தான் செய்வார். ஆனால், வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது முதலில் விடுபடுவது ஸ்லைடு பின்களைத் துடைத்து கிரீஸ் வைக்கும் வேலை. பின் இறுகினால் காலிப்பர் நகராது. உள்பக்க பேடு தேய்ந்து தீர்ந்த பிறகும் வெளிப்பக்க பேடு பாதி மிச்சமிருக்கும். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உறை உப்பி, ஸ்லைடு பின் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, புது பேடை டிஸ்க்கோடு பழக்குவது. ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், சுமார் பத்து முறை குறைத்துவிட்டுச் சூடு ஆறவிட வேண்டும். அரை நாளை ஒதுக்கிய சொந்தக்காரருக்கு இவற்றைப் பொறுமையாகச் செய்ய நேரம் இருக்கிறது.

‘பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கைக் கடைசல் பிடிக்க வேண்டும்’ என்பதும் இதோடு சேர்ந்து வரும் பேச்சு. மிதிக்கும்போது பெடல் அதிராமல், டிஸ்க்கில் பள்ளம் இல்லாமல் இருந்தால் தேவையில்லை. கடையக் கடைய டிஸ்க் மெலிகிறது. எவ்வளவு வரை மெலியலாம் என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

நான்காவது, வாரண்டி. தேயும் பொருளான பேடு வழக்கமாக வாரண்டியில் வருவதே இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கப்பட்டது என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அந்த வழக்கு வீட்டு வேலையைப் பற்றியது அல்ல. ஆனாலும் ‘தொட்டாலே வாரண்டி போச்சு’ என்ற மிரட்டலை ஆணையம் ஏற்கவில்லை என்பது அதில் தெளிவு.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் பேடைக் கழற்றி மாட்டுவதில் அல்ல. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய, மலிவான பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே அதைத் தடை செய்துவிட்டது, இந்தியாவில் முழுத் தடை இல்லை. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும் வரை மிதித்துப் பார்க்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. இவை அத்தனையும் ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும் விதிகள்.

பேடு 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் இரண்டு முன்சக்கரங்களிலும் ஜோடியாக மாற்றுவது வீட்டில் ஆகக்கூடிய வேலை. பிஸ்டன் உறையில் ஆயில் கசிவு, மெத்தென்று இறங்கும் பெடல், பிரேக் பிடித்ததும் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன டிஸ்க் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.