தரைக்கு அடியில் தண்ணீர்! டைல்ஸ் போட்டால் போய்விடுமா?

மழை நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது. வெளியே வெயில் காய்கிறது. ஆனால், வீட்டுக்குள் தரை மட்டும் காயவில்லை. பாயைச் சுருட்டினால் அடிப்பக்கம் ஈரம். சுவரின் கீழே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

சென்னையில் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

உடனே என்ன செய்கிறோம்? கொத்தனாரை அழைக்கிறோம். "மேலே டைல்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். கடன் வாங்கி டைல்ஸ் போடுகிறோம். அடுத்த மழைக்கு டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிகிறது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது!

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்காமல் தரையில் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யக் கூடாது. இதுதான் என் கருத்து.

மண்ணுக்குள் ஒரு குளம்

பழைய வீட்டின் தரை எப்படிப் போடப்பட்டது? அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே மண்ணும் மணலும் கொட்டி நிரப்பினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்தார்கள். அதற்கும் மேலேதான் தரை.

அந்த மணலில்தான் தண்ணீர் தேங்குகிறது. சில வீடுகளில் மணல் கரைந்து வெளியேறி, தரைக்கு அடியில் பள்ளம் விழுந்துவிடும். ஒரு தடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தால், அடியில் வெற்றிடம் இருக்கலாம்.

பத்து அடிக்குப் பத்து அடி அறை ஒன்று. அதன் அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தெரியுமா? சுமார் 236 லிட்டர்! 15 லிட்டர் குடத்தால் அளந்தால் ஏறக்குறைய 16 குடம். அத்தனை தண்ணீரின் மேல்தான் குழந்தைகளைப் படுக்க வைக்கிறோம்.

என்ன கெடுதல்?

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது அல்லவா? அதேபோலச் செங்கல் சுவர் தண்ணீரை மேலே இழுக்கும். இரண்டு அடி, மூன்று அடி உயரம் வரை ஈரம் ஏறும். தண்ணீர் காய்ந்ததும் அதில் இருந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அதனால்தான் பூச்சு பொரிந்து உதிர்கிறது.

ஈரம் கண்ட நிலைப்படியைக் கறையான் விடாது. பூஞ்சை பிடித்த அறையில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறல் கூடும்.

இரண்டு ஆபத்துகள் இன்னும் பெரியவை. ஈரச் சுவரில் மின்சாரம் கசியலாம். ஆகவே, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் அவசியம் இருக்க வேண்டும். அடுத்தது, குடிநீர்த் தொட்டி. தரைக்குக் கீழே கட்டிய தொட்டியில் விரிசல் இருந்தால், வெளியே நிற்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.

எங்கிருந்து வருகிறது?

வழிகள் நான்கு. நான்கையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முதலாவது, குழாய். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். மோட்டாரைப் போடாதீர்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கீழ்த்தொட்டியையும் ஒரு குச்சியால் இப்படியே அளந்து பாருங்கள்.

இரண்டாவது, சாக்கடை. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். தரையில் கசியும் தண்ணீரில் நீலம் தெரிந்தால், குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். நீலம் தெரியாவிட்டாலும் நாற்றம் அடித்தால் சந்தேகத்தை விடாதீர்கள்.

மூன்றாவது, மழைத் தண்ணீர். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவர் ஓரத்தில் தேங்குகிறதா? தெருத் தண்ணீர் வாசலுக்குள் வருகிறதா? கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான்காவது, நிலத்தடி நீர். பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் உங்கள் தரைக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நிற்கிறதா? அப்படியானால் பூமியே நிறைந்திருக்கிறது.

இதில் வியப்பில்லை. இன்றைய தியாகராயநகர் 1920-களில் ஏரி நிலத்தில் எழுந்த ஊர். ஏரியை மூடலாம், தாழ்வான நிலத்தைத் தேடித் தண்ணீர் ஓடி வருவதை மூட முடியுமா?

அவசரம் வேண்டாம்

நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது தரையைத் தோண்டி மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. இறைக்க இறைக்க ஊறும். தண்ணீரோடு மணலும் வரும். மணல் போனால் அஸ்திவாரம் இறங்கும், சுவர் விரியும். நீர்மட்டம் இறங்கும் வரை பொறுத்திருப்பதே நல்லது.

ஒழுகும் குழாயையும் உடைந்த சாக்கடைக் குழாயையும் உடனே மாற்றுங்கள். மாடித் தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழும்படி செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால், அந்தக் குழியை அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டினால் தண்ணீரை வீட்டுக்கு அடியிலேயே விட்டதாகிவிடும்.

வழியை அடைத்த பிறகு, கோடைக்காலத்தில் தரையை எடுங்கள். கரைந்த மண்ணை நீக்கி, நல்ல மண் கொட்டிக் கெட்டியுங்கள். அதன்மேல் ஜல்லி, கனமான பிளாஸ்டிக் விரிப்பு, கான்கிரீட். பிறகு நீங்கள் விரும்பும் தரை. டைல்ஸுக்கு முறை வருவது கடைசியில்தான்!

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சே அதற்குப் பொருந்தும். சுவரில் விரிசலோ, தரையில் பள்ளமோ கண்டால் பொறியாளரைக் காட்டாமல் கடப்பாரையைத் தொட வேண்டாம்.

வாடகை வீடானால் இந்தச் செலவு யாருடையது? வீட்டுக்காரருடையதுதான். வீடு நின்றால் அவருக்குத்தானே லாபம்? குடியிருப்பவர் ஈரத்தைக் கண்டதும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சாலை ஏறியது; வீடு தாழ்ந்தது

வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. அது வாசலுக்கு வெளியே இருக்கிறது.

கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன வீடுகள் உண்டு. இன்று அதே வீடுகளில் தெருவிலிருந்து படி இறங்கிப் போகிறார்கள்! வீடு பூமிக்குள் போகவில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறியது. தெருத் தண்ணீர் முழுவதும் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தாழ்ந்த வீடுகள் பட்ட பாட்டைச் சென்னை மறக்காது.

"வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே" என்கிறார்கள். தூக்கலாம், தூக்கியும் இருக்கிறார்கள். ஆனால், அதற்குப் பணம் லட்சக்கணக்கில் வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் எங்கே போவார்? தூக்கிய பிறகு சாலை மறுபடி ஏறினால் மறுபடியும் தூக்குவதா?

பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். அருமையான உத்தரவு! அது ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் யார்? அதிகாரிகள் மட்டுமா? நாமும்தான்.

இதற்குப் படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம். உங்கள் வாசல் தூணில் இன்றைய சாலை மட்டத்துக்குச் சரியாக ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். தெருவில் எல்லா வீட்டாரும் இப்படிச் செய்யட்டும். சாலை போட ஆட்கள் வந்ததும் அந்தக் கோட்டைக் காட்டிக் கேளுங்கள். சுரண்டாமல் வேலை நடந்தால், அன்றைக்கே சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் கொடுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு வீடு தனியாகக் கேட்டால் பதில் வராமல் போகலாம். தெருவே சேர்ந்து கேட்டால் கேட்காத காதும் கேட்கும்.