திருப்பூர் மகளிர் குழுக்களும் இணையக் கல்வியும்

நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூர் பனியன் தொழிலாற் பேர்பெற்றதென்பதை யாவரும் அறிவர். அங்கே நூலைப் பின்னுதலும், சாயமிடுதலும், வெட்டுதலும், தைத்தலும், பிசிறு நீக்குதலும் பெரும்பாலும் வெவ்வேறு கூரைகளின்கீழ் நடைபெறுகின்றன. ஒரு சட்டை முற்றுப்பெறுமுன் பல கம்பெனிகளின் வாயிலைக் கடந்து விடுகின்றது. அதற்குரிய ஆர்டர் கடல்கடந்த தேசத்திலிருந்து மின்னஞ்சலில் வருகின்றது. அளவும் நிறமும் கணினித் திரையிலே தீர்மானிக்கப்படுகின்றன. ஆயின் அதனைத் தைத்த சகோதரியோ, தன் பெயரிற் சேர்ந்துள்ள வருங்கால வைப்புநிதி எவ்வளவென்று அறியப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கின்றாள். இதைப்பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணாக்கர் சிலர், பல்லடம் சாலைப் பக்கத்திலுள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினருக்குக் கைபேசியும் இணையமும் பயிற்றுவிக்க ஞாயிறுதோறும் சென்று வந்தோம். 1989-ஆம் ஆண்டு தருமபுரியிலே தொடங்கிய இவ்வகைக் குழுக்கள் இன்று நம் மாகாணமெங்கும் பரவியுள்ளன. யாங்கள் கொண்டு சென்ற பாடத்திட்டம் மிகப் பெரிது. மின்னஞ்சல் எழுதுவதும், கணக்குப் பட்டியல் அமைப்பதும், குழுவினர் செய்யும் பண்டங்களை இணையத்தில் விற்பதும் அதிலடங்கும். அவற்றுள் ஒன்றையேனும் அவர்கள் கேட்டாரில்லை. முதல் நாளே எழுந்த வினா, "எங்க பி.எஃப். பணம் எவ்வளவு இருக்குங்க?" என்பதுதான்.

ஓவர்லாக் இயந்திரத்தில் ஆறாண்டு உழைத்த ஓர் அம்மையார் தம் 12 இலக்க எண்ணைத் துண்டுக் காகிதத்தில் வைத்திருந்தார். 2014 முதல் வைப்புநிதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படும் எண் அது. கணக்கைத் திறக்க முயன்றபொழுது ஓ.டி.பி. அவருடைய கைபேசிக்கு வரவில்லை. அவரை முதன்முதல் வேலைக்கு அழைத்து வந்த ஒப்பந்தக்காரரின் எண்ணே கணக்கிற் பதிவாகியிருந்தது. அவரோ ஊரைவிட்டுச் சென்று நெடுநாளாயிற்று. வஞ்சனையென்று சொல்லற்கில்லை; அம்மையாரிடம் அக்காலத்திற் கைபேசியே இல்லை.

அந்த ஒப்பந்தக்காரரைப் பழித்தற்கு எனக்கு உரிமையுண்டா? அன்றே மற்றொரு சகோதரியின் கைபேசியை வாங்கி, மூன்று நிமிடத்தில் யானே யாவும் தட்டி, எனக்குத் தோன்றிய சொல்லைக் கடவுச்சொல்லாக்கி, தொகையைக் காட்டிவிட்டேன். எல்லோரும் புகழ்ந்தனர். மூன்று வாரங்கழித்து அவர் வந்து அக்கடவுச்சொல்லைக் கேட்டபொழுது எனக்கும் அது மறந்து போயிற்று. ஒப்பந்தக்காரர் தம் எண்ணை இட்டார். யான் என் சொல்லை இட்டேன்.

ஆகலின் என் அபிப்பிராயம் இது: கற்பிப்போன் கற்போரின் கைபேசியைத் தொடலாகாது. ஒன்றரை ஷிப்டு உழைத்துக் களைத்து வருவோரை எழுத்தெழுத்தாகத் தடுமாறவிடுவது கருணையன்று என்று நண்பர் ஒருவர் மறுத்துரைத்தார். அவர் கூற்றிலும் நியாயமில்லாமலில்லை. எங்கள் வகுப்பில் ஒரு மாலை முழுவதும் தம் பெயரை ஆங்கில எழுத்தில் இடுவதிலேயே கழிந்ததுண்டு. எனினும், நம் பாட்டிமார் பிறர் வாசித்துச் சொன்ன பத்திரத்திற் பெருவிரல் ரேகை வைத்ததற்கும், இக்காலத்தார் கேட்டவரிடமெல்லாம் ஓ.டி.பி. சொல்வதற்கும் வேற்றுமை யாது?

தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-இல் வகுக்கப்பட்ட 'தமிழ் 99' விசைப்பலகையை யான் ஆர்வத்தோடு கற்பிக்கத் தொடங்கினேன். அவர்களோ கைபேசியினிடம் வாயாற் சொல்லியே எழுதிவிட்டனர்! தமிழ் ஆனர்ஸ் மாணாக்கருக்கு இது சற்று வருத்தமே. தடுக்க யான் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அதே கம்பெனிகளில் உழைப்போருக்கு எம் தமிழ்ப் பாடமும் பயன்படாதென்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பணிக்கு நல்ல முன்மாதிரி புதுச்சேரிக் கிராமங்களில் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்கே அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊரார் அளித்தனர். கணினியை இயக்கியோரும் அவ்வூராரே. எம்பலத்திலே கோயிலைச் சார்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இணையத்தில் அறிந்து, மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தாருக்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலையைப் பற்றி எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். அந்நேரத்தில் மையத்தின் பூட்டைத் திறக்க வெளியூரிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தால் என்னவாயிருக்கும்!

எமக்குப் பரீட்சை வந்தவுடன் எம் வகுப்பு நின்றது. நின்றதென்றே எண்ணியிருந்தோம். செக்கிங் பகுதியில் வேலைசெய்யும் ஓர் இளம்பெண், கற்ற சிறிதளவைக் கொண்டு, மற்றவர்க்குத் தம் வீட்டுத் திண்ணையிலே சொல்லிக்கொடுத்து வந்ததைப் பின்னரே அறிந்தோம். எம்மைக்காட்டிலும் பொறுமையாகக் கற்பிக்கிறாரென்று அம்மையார்கள் சொல்லக் கேட்டு நாணினோம்.

திருப்பூரிலே தொழில் நடத்தும் நம் கலாசாலைப் பழைய மாணவர் சிலர் இவ்விதழை வாசிக்கக்கூடும். அவர்களிடம் பொருளுதவி கேட்கவில்லை. ஓர் அறை, இணைய இணைப்பு, சனிக்கிழமை சம்பளம் கொடுத்தபின் ஒரு மணிநேரம்: இவற்றை அளிப்பாராயின் போதும். அவ்வறையின் சாவி மட்டும் குழுவினரிடமே இருத்தல் வேண்டும்.