எண்ணுக்கும் தமிழ் உண்டு

"ரிட்டயர் ஆகிவிட்டீர்களே, ஏதாவது எழுதுங்களேன்" என்று நம் மலரின் ஆசிரியர் குழுவினர் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் கேட்கிறார்கள். எனக்குக் கதை, கவிதை வராது. டிப்ளமோ முடித்து 1984-இல் நாக்பூர் வந்தவன். 2021 வரை ரயில்வே சிக்னல் பிரிவில் கம்பியோடும் ரிலேயோடும் காலம் தள்ளியவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறேன். எண் குறுக்கெழுத்துப் புதிர்.

கட்டங்கள் சாதாரணக் குறுக்கெழுத்துப் போலத்தான் இருக்கும். எழுத்துக்குப் பதில் இலக்கம், அவ்வளவே வித்தியாசம். "ஒரு வர்க்க எண்", "ஒரு பகா எண்", "மேலிருந்து கீழ் 3-இன் இரு மடங்கு" என்று குறிப்புகள் வரும். இங்கிலாந்தின் புதிர் மேதை ஹென்றி டூடனி 1926-இல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் இப்படி ஒன்றை வெளியிட்டார். பலர் இதையும் சுடோகுவையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். சுடோகுவில் 1 முதல் 9 வரைக்குப் பதில் ஒன்பது பழங்களின் படம் போட்டாலும் விளையாடலாம், கணக்கே கிடையாது. இதில் கணக்குத்தான் எல்லாம்.

நான் இதில் விழுந்ததற்குக் காரணம் மேதைமை அல்ல, இயலாமை. வந்த புதிதில் தமிழ்ப் பத்திரிகை இங்கே கைக்குக் கிடைப்பதே அபூர்வம். ஆங்கிலக் குறுக்கெழுத்துக்கு என் டிப்ளமோ ஆங்கிலம் போதவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு புதிர்ப் புத்தகத்தில் இந்த எண் புதிர்கள் இருந்தன. எண் யாருடைய தாய்மொழியையும் கேட்கவில்லை. பிடித்துப் போயிற்று.

இதன் இன்பம் என் தொழிலின் இன்பமே. பழைய கேபின்களில் லீவர் வரிசை இருக்கும். பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டாத வரை சிக்னல் லீவரை எத்தனை பலசாலி இழுத்தாலும் வராது. இன்டர்லாக்கிங் என்பது அதுதான். புதிரிலும் ஒவ்வொரு கட்டமும் குறுக்கே ஒரு பூட்டு, நெடுக்கே ஒரு பூட்டு. மூன்று இலக்கக் கன எண்கள் ஐந்தே ஐந்து: 125, 216, 343, 512, 729. எந்த வர்க்க எண்ணும் 2, 3, 7, 8-இல் முடியாது. இப்படிச் சின்னச் சின்னச் சாவிகளை வைத்துக்கொண்டு ஒரு பூட்டு திறந்தால், அடுத்தது தானே நெகிழும். அந்த 'க்ளிக்' சத்தம் எனக்குக் காதில் கேட்கும்.

எரிச்சலும் உண்டு. சொற்புதிரில் "க_ல்" என்று நின்றால் கடலோ, கனலோ என்று மனம் எங்காவது ஓடும். "4_9" என்று நின்றால் மனம் எங்கும் ஓடாது. தவறு செய்தாலும் உடனே தெரியாது. அரை மணி கழித்து எங்கோ ஒரு மூலையில் இடிக்கும். ஒருமுறை மூன்று நாள் ஒரு புதிரோடு மல்லுக்கு நின்றேன். சாப்பாட்டு மேஜையில் கூட அதே யோசனை. வீட்டில் பாட்டு வாங்கினேன். அடுத்த வாரம்தான் தெரிந்தது, குறிப்பில் ஓர் இலக்கம் அச்சுப்பிழை! ஆனால் உண்மையைச் சொன்னால், பத்தில் ஒன்பது முறை பிழை நம்முடையதுதான். நிரூபிக்காத ஒன்றை நிச்சயம் என்று எங்கோ எழுதியிருப்போம். சிக்னல் பழுதிலும் இதே கதை.

இது வரை தற்பெருமை. இனி என் குறையைச் சொல்கிறேன்.

"எண்ணுக்கு மொழி கிடையாது" என்று பெருமையாகச் சொல்லி, என் மகனுக்கு இந்தப் புதிர்களை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே கற்றுக் கொடுத்தேன். இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பக்கத்தில் உட்காருகிறாள். ஒரு நாள், "அறுபத்துநாலு போடு கண்ணு" என்றேன். பென்சில் நின்றது. "தாத்தா, அறுபத்துநாலுன்னா சிக்ஸ்டி ஃபோரா, செவன்டி ஃபோரா?"

யோசித்துப் பாருங்கள். சாம்பார், ரசம், அத்தை, சித்தப்பா எல்லாம் நம் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. முதலில் காணாமல் போவது எண்தான். விலை, தேதி, போன் நம்பர் எதையும் நாம் தமிழில் சொல்வதில்லை. என் வீட்டில் அதைத் தொலைத்தவன் நானே.

பேத்தி சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்றவள். ஆனால் கூட்டிப் படிக்கச் சோம்பல். படித்து ஆக வேண்டிய அவசியம் அவளுக்கு எதிலும் இல்லை. அந்த அவசியத்தை உண்டாக்க ஆறே கட்டத்தில், மேலே மூன்று, கீழே மூன்று, ஒரு புதிர் செய்தேன். குறிப்புகள் தமிழில். இடமிருந்து வலம்: 1. ஒரு கன எண். 4. ஒரு வர்க்க எண். மேலிருந்து கீழ்: 1. ஒரு கன எண். 2. பதினெட்டு. 3. ஒரு வர்க்க எண்.

"போன்ல பார்த்துடலாமே தாத்தா" என்றாள். மறுத்துவிட்டேன். கன எண், வர்க்க எண் இரண்டும் புரிந்தன. ஹிந்தியிலும் அவை 'கன்', 'வர்க்'தானே. இரண்டு இலக்கக் கன எண்கள் 27, 64. முதலில் 64 என்று போட்டாள். 6-இல் தொடங்கும் மூன்று இலக்கக் கன எண் கிடையாது, இடித்தது. அழித்து 27 போட்டதும் மேல் வரிசை 216 ஆயிற்று. 6-இல் தொடங்கும் வர்க்க எண் 64. கீழ் வரிசை 7-இல் தொடங்கி 4-இல் முடியும் வர்க்க எண், 784. நடுவில் 1-க்குக் கீழ் 8. சரிதானா என்று பார்க்க மிச்சமிருந்தது ஒரே குறிப்பு. "ப-தி-னெ-ட்-டு" என்று விரல் வைத்துப் படித்தாள். "எய்ட்டீன்! கரெக்ட் தாத்தா!" எனக்குக் கேட்டது அந்தப் பழைய 'க்ளிக்'.

குழந்தைகளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆகவே சிறுவர் பக்கத்தை ஆங்கிலத்தில் போடலாம் என்று சங்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. என் அபிப்பிராயம் வேறு. பாடம் போல் ஒரு பக்கம் கொடுத்தால் புரட்டிவிட்டுப் போவார்கள். விடையை ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் பூட்டி வையுங்கள், திறக்காமல் விடமாட்டார்கள். மலரில் இதழுக்கு ஒரு பக்கம், எண்கள் தமிழ் எழுத்தில் வரும் எண் குறுக்கெழுத்துக்கு ஒதுக்குங்கள். புதிர் தயாரித்துத் தர நான் இருக்கிறேன். அச்சுப்பிழை வராமல் பார்த்துக்கொள்வது மட்டும் ஆசிரியர் குழுவினர் பொறுப்பு.