பின் சீட்டைக் கழட்டிப் பலகை போடுறவங்க கவனத்துக்கு

காரோட பின் சீட்டைக் கழட்டிட்டு அந்த இடத்தைப் பலகையால மூடுறதுக்கு வெளிநாட்டுல 'ரியர் சீட் டிலீட்'னு ஒரு பேரே இருக்கு. ரேஸ் ஆளுங்க எடையைக் குறைக்கச் செய்யுற வேலை. 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரை எடுத்துக்குங்க. அதுல சொகுசு ரகம் 1075 கிலோ, எடை குறைச்ச ரகம் 960 கிலோ. குறைஞ்ச 115 கிலோவுல பின் சீட்டும் அடக்கம்.

நம்ம ஊர் கதை வேற. திருத்தணி பக்கம் யாரும் எடை குறைக்கச் சீட்டைக் கழட்டுறதில்லை, எடை ஏத்தத்தான் கழட்டுறாங்க :-) பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு தறிக்கு நூல் மூட்டை, நகரி பக்கத்துலேருந்து காய்கறி, பந்தல் சாமான். பழைய ஆம்னியோ மாருதி 800-ஓ, சீட்டு போய் பலகை வந்துடும். நானும் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன், தோப்புக்குள்ள உர மூட்டை கொண்டு போக. அதனால பலகையே தப்புன்னு சொல்ல வரலை. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: பலகை இருக்கிற நேரம் அது ரெண்டு பேர் வண்டி. மூணாவது ஆள் ஏறக்கூடாது.

ஏன் இதைச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல காலியா ஒரு சமதளம் தெரிஞ்சா அங்க யாராவது உக்காந்துடுவாங்க. பிள்ளைக்கு மொட்டை போட சொந்தக்காரங்க வருவாங்க. பெரியவங்க ஆட்டோவுல, பொடிசுங்க பலகை மேல. "மலைக்குத்தானே மாமா, மெதுவாத்தானே போறோம்"னு சமாதானம் வேற.

இந்த "மெதுவா"வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 30 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி சட்டுனு நின்னா, கட்டிப் போடாத எதுவும் அதே வேகத்துல முன்னால பாயும். அது மூணரை மீட்டர் உயரத்துலேருந்து விழுற வேகம். அதாவது உங்க வீட்டு மொட்டைமாடி. 50-ல போனா சுமார் 10 மீட்டர், மூணாவது மாடி. பலகை மேல உக்காந்த பிள்ளைக்குப் பெல்ட் கிடையாது, பிடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. 2022 செப்டம்பர் 4-ம் தேதி சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை நினைச்சுப் பாருங்க. வண்டி மெர்சிடிஸ், அவர் இருந்தது பின் சீட்டு, பெல்ட் போடலை. அத்தனை வசதி இருந்த வண்டியிலயே அந்தக் கதின்னா பலகை எம்மாத்திரம்?

மூட்டைக்கும் இதே கணக்குதான். பின் சீட்டோட முதுகுதான் டிக்கிச் சாமானுக்கும் உங்க கழுத்துக்கும் நடுவுல இருக்கிற சுவரு. அதைக் கழட்டினா வேற சுவரு வேணும். முன் சீட்டுக்குப் பின்னால இரும்புச் சட்டத்துல வெல்ட் மெஷ் அடிச்சு, அந்தச் சட்டத்தை வண்டி பாடியோட போல்ட் போட்டு இறுக்கணும்.

பலகை செய்யுறவங்களுக்கு என் யோசனை:

முதல்ல அட்டையில அளவு வெட்டிப் பாருங்க. அப்புறம் 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்க. சதுர மீட்டருக்கு எட்டு கிலோ வரும். எடை குறைக்கிற ஆசைல இருக்கிறவங்க இதையும் கணக்குல வச்சுக்குங்க.

தரையில புதுசா ஓட்டை போடவே போடாதீங்க. கீழ பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் எல்லாம் ஓடுது. சீட்டுக்கு இருந்த போல்ட் ஓட்டையே போதும். கயிறு கட்டுற கொக்கியையும் அந்தப் போல்ட்லயே மாட்டுங்க. பிளைவுட்ல திருகின கொக்கி ஒரு இழுப்புக்குத் தாங்காது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாம விட்டுடுங்க.

கடைசியா, பலகை மேல சாணுக்கு ஒண்ணா ரெண்டு இஞ்ச் உயரக் கட்டை அடிங்க. மூட்டை வழுக்காது. முக்கியமா, யாராலயும் அது மேல நிம்மதியா உக்கார முடியாது. என் பலகையில எனக்குப் பிடிச்ச விஷயமே அதுதான்.

சட்டத்தையும் சொல்லிடறேன். ஆர்.சி. புத்தகத்துல எத்தனை சீட்டுன்னு போட்டிருக்கு. அதுல இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுலேருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூட சேர்ந்து வரலாம். தினமும் ரோட்டுல லோடு அடிக்கணும்னா, அதுக்குன்னே கம்பெனி விக்கிற ஈக்கோ கார்கோ மாதிரி வண்டிதான் சரி. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போறப்பவும் சீட்டு வேணும். எடைக்குப் போட்டுடாதீங்க.

என் சீட்டு பாலிதீன் சுத்தி பரண் மேல பத்திரமா இருக்கு. வண்டி தோப்பு கேட்டைத் தாண்டணும்னா அது திரும்ப ஏறியாகணும். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்"னு யாராவது கேட்டா என் பதில் இதுதான்: மலைக்கு பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு, எதுவும் இல்லைன்னா 365 படி இருக்கு. ஏறி வாங்க, முருகன் எங்கயும் போயிட மாட்டார்.